இணைப்புப் பலகையும் உழைப்பும்: தொலைபேசி இணைப்பகத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

தொழில்நுட்ப வரலாறுகள் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறுகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவி தானாகவே தோன்றியது போலவும், சமூக உறவுகள் அதற்குப் புறம்பானவை போலவும் அவை அமைவதுண்டு. தொலைபேசியின் வரலாறும் இதற்கு விலக்கன்று. அழைப்பவரையும் அழைக்கப்படுபவரையும் இணைத்துவைக்கும் வேலையை யார் செய்தனர், அவ்வேலை யாரிடமிருந்து யாரிடம் சென்றது ஆகிய வினாக்களை முதன்மைப்படுத்தி, பெரிதும் ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு அவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

பத்துப் பேர் ஒருவரோடொருவர் நேரடிக் கம்பிகளால் இணைக்கப்பட வேண்டுமாயின் 45 இணைப்புகள் தேவை. நூறு பேருக்கு 4,950 தேவை. எல்லாக் கம்பிகளையும் ஓரிடத்துக்குக் கொணர்ந்து, வேண்டியபோது வேண்டிய இரண்டை மட்டும் பொருத்துவதே இதற்குத் தீர்வாயிற்று. 1878 ஜனவரியில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் 21 சந்தாதாரருடன் தொடங்கிய வணிக இணைப்பகம் இத்தீர்வின் முதல் வடிவங்களுள் ஒன்றாகும்.

தொடக்கத்தில் இவ்வேலைக்குச் சிறுவர்களே அமர்த்தப்பட்டனர். அவர்களது குறும்பும் கடுஞ்சொல்லும் சந்தாதாரரைச் சினமூட்டின. 1878 செப்ரெம்பரில் பொஸ்டன் நகரில் எம்மா நட் என்பவர் முதற் பெண் இயக்குநராகச் சேர்ந்தார். சில ஆண்டுகளுள் இது பெண்களின் தொழிலாகவே மாறிற்று. பெண்களின் இனிய குரலும் பொறுமையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. ஆயின், ஆண்களுக்குக் கொடுப்பதிலும் குறைந்த கூலியைப் பெண்களுக்குக் கொடுக்க முடிந்தமையும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. 'இனிய குரல்' என்பதற்கு நிறமும் இருந்தது: கறுப்பினப் பெண்களை இயக்குநராகச் சேர்த்துக்கொள்ள பெல் கம்பனிகள் 1940கள் வரை பொதுவாக மறுத்தே வந்தன.

பலகையில் விளக்கு எரிந்ததும் கம்பிச் செருகியைப் பொருத்தி இலக்கத்தைக் கேட்டல், அந்தத் தடத்தில் வேறு உரையாடல் நிகழ்கின்றதா எனச் சோதித்தல், மணி ஒலிக்கச் செய்தல், உரையாடல் முடிந்ததும் செருகியைக் கழற்றுதல் என்பன இயக்குநரின் பணிகள். அவர்களுக்குப் பின்னால் மேற்பார்வையாளர் நின்றனர். மறுமொழி கூற எடுத்த நேரம் அளக்கப்பட்டது. பேச வேண்டிய சொற்களும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. யந்திரம் வருவதற்கு முன்னரே உழைப்பு யந்திரமயமாக்கப்பட்டுவிட்டது எனலாம்.

2

இயக்குநர் இல்லாத இணைப்பகத்துக்கு 1891 இல் காப்புரிமை பெற்றவர், கன்சாஸ் சிற்றியில் ஈமச்சடங்கு ஏற்பாடு செய்யும் தொழில் நடத்திய அல்மன் ஸ்ட்ரோஜர் ஆவார். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இயக்குநர் தம் போட்டியாளருக்குத் திருப்பிவிடுவதாக அவர் ஐயுற்றார் எனச் சொல்லப்படுகிறது. இக்கதை எவ்வாறாயினும், அழைப்பை இணைப்பவரிடம் ஓர் அதிகாரம் இருந்தது என்பதை அது உணர்த்துகின்றது. அவரது கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்த கருவியில், சுழற்றப்படும் ஓர் இலக்கத்துக்கேற்ப ஒரு தண்டு படிப்படியாக மேலெழும். அடுத்த இலக்கத்துக்கேற்பப் பக்கவாட்டில் சுழலும். பத்துத் தட்டுகள், தட்டொன்றுக்குப் பத்துத் தொடுகைகள் என இரண்டு இலக்கங்களால் நூறு தடங்களுள் ஒன்று தெரிந்தெடுக்கப்பட்டது.

1892 இல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. சுயேச்சைக் கம்பனிகள் பல இதனை ஏற்றன. ஆயினும், பெல் அமைப்பு தன் முதற் பெரிய தன்னியக்க இணைப்பகத்தை வர்ஜீனியாவின் நோர்ஃபோக் நகரில் நிறுவியது 1919 இலேயே. இடைப்பட்ட 27 ஆண்டுகளைக் கருவியின் குறைபாட்டினால் மட்டும் விளக்கிவிட முடியாது. யந்திரத்தின் விலை, அது இடம்பெயர்க்கும் உழைப்புச் சக்தியின் விலையிலும் குறைவாக இருக்கும்போதே முதலாளி அதனை நாடுவான் என்பதை மார்க்ஸ் 1867 இல் வெளியான 'மூலதனம்' முதற் பாகத்தில் விளக்கியுள்ளார். பெண்களின் உழைப்பு மலிவாகக் கிடைத்தவரை, கைமுறைப் பலகைகளில் முடங்கிய மூலதனத்தைக் கைவிடவேண்டிய தேவை பெல் அமைப்புக்கு ஏற்படவில்லை.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் நிலைமை மாறியது. இயக்குநர்கள் கிடைப்பது அரிதாயிற்று; கூலி உயர்ந்தது. 1919 ஏப்ரிலில் ஜூலியா ஓ'கொன்னர் தலைமையில் நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைநிறுத்தம் செய்து, சில நாட்களிலேயே கூலி உயர்வை வென்றெடுத்தனர். தொலைபேசிச் சேவை அப்போது அரசின் அஞ்சல் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. வேலைநிறுத்தமே தன்னியக்கத்தைக் கொண்டுவந்தது எனக் கூறுவது எளிமைப்படுத்தலாகும். பெருநகரங்களில் அழைப்புகள் பெருகியமையும் கைமுறை இணைப்பின் சிக்கலும் வலுவான காரணங்களே. ஆனால், 1923 இல் அதே பிரதேசத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் தோல்வியுற்றபோது, இயக்குநரின் உழைப்பு மாற்றீடற்றதாக இருந்த காலம் முடியத் தொடங்கியிருந்தது.

3

தன்னியக்கம் உழைப்பை ஒழித்ததா? அதன் ஒரு பகுதி சந்தாதாரரின் விரலுக்கு மாறியது: இலக்கத்தைச் சுழற்றும் வேலையை அவர் கூலியின்றிச் செய்தார். மற்றொரு பகுதி வணிக நிறுவனங்களின் உள்ளே சென்றது. நூறு ஊழியருள்ள அலுவலகத்துக்கு நூறு வெளித்தடங்கள் தேவையில்லை. உள் அழைப்புகளை உள்ளேயே இணைத்து, வெளித்தடங்கள் சிலவற்றை எல்லோருக்கும் பொதுவாக்குவதே தனியார் கிளை இணைப்பகத்தின் அடிப்படை. எத்தனை தடங்கள் போதும் என்பதைக் கணிக்கும் வழியைக் கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் பணியாற்றிய ஏ. கே. ஏர்லாங் 1917 இல் வகுத்தார். அவ்வலுவலகத்தில் வேலை மிகுந்த ஒரு மணித்தியாலத்தில் ஒவ்வொருவரும் சராசரியாக மூன்று நிமிடம் வெளியே பேசுவராயின், 11 தடங்கள் இருந்தாலே, நூறு அழைப்புகளில் ஒன்றுக்கும் குறைவானதே தடமின்றித் திரும்பும்.

இவ்விணைப்பகம் நிறுவனத்தின் அதிகாரப் படிநிலையையும் பிரதிபலித்தது. மேலாளரின் அழைப்பைச் செயலாளர் முதலில் ஏற்பார். கீழ்நிலை ஊழியரின் கருவியிலிருந்து வெளியூருக்கு அழைக்க முடியாது. முன்னர் இயக்குநரின் கையில் இருந்த தெரிவு, இப்போது கருவியினுள் விதியாக எழுதப்பட்டது.

1970களில் விமானக் கம்பனிகளின் முன்பதிவு நிலையங்களில் தானியங்கி அழைப்புப் பகிர்வான் பரவியபோது இப்போக்கு முழுமையடைந்தது. அழைப்புகளை வரிசைப்படுத்தி, ஓய்வாயிருக்கும் ஊழியருக்கு உடனே அனுப்பும் அக்கருவி, ஒவ்வொருவரும் பேசிய நேரத்தையும் பேசாதிருந்த நேரத்தையும் பதிவுசெய்தது. ஒருகாலத்தில் மனிதர் தடங்களை இணைத்தனர். இங்கோ தடங்களின் இறுதியில் மனிதரே இணைக்கப்படுகின்றனர். கணினி மென்பொருளே இணைப்பகமாகிவிட்ட இன்றும் அழைப்பு நிலையங்களின் நடைமுறை இதுவே. பின்னால் நின்ற மேற்பார்வையாளரின் இடத்தில் இன்று திரை நிற்கின்றது.

எனவே, அழைப்பு எவ்வழியாகச் செல்கின்றது என்ற வினா பொறியியலாளருக்கு மட்டும் உரியதன்று. வழியை வகுப்பவர் யார், அவ்வழியின் முடிவில் காத்திருப்பவர் யார் என்பனவும் அதனோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டியவை. கண்டுபிடிப்பாளரின் பெயர்களோடு பலகையின் முன் அமர்ந்திருந்த பெண்களின் உழைப்பையும் போராட்டத்தையும் இணைத்து எழுதும்போதுதான் தொலைபேசியின் வரலாறு முழுமை பெறும்.