ரிசல்ட் வருவதற்கு முன்னால்

என் பாட்டி காலத்து அபிஷேகப்பாக்கத்தில், வயசுப்பிள்ளை சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது வீட்டுக் கிழவிகள்தான். போட்ட சோறு தட்டிலேயே காயும். ராத்திரியெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். தலை வாரமாட்டான், கூட்டாளிகளோடு சேரமாட்டான். "எதையோ பார்த்து பயந்துட்டான்" என்பாள் பாட்டி. வேப்பிலை அடித்து மந்திரிப்பார்கள், கயிறு கட்டுவார்கள், பக்கத்துச் சிங்கிரிகுடி நரசிம்மர் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் அமாவாசைக்கு மேல்மலையனூர்.

காரணத்தைத் தப்பாகச் சொன்னார்கள். பல பிள்ளைகளுக்கு வைத்தியம் தள்ளிப்போனது. ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மனநல மருத்துவர் இன்று கேட்பதும் அதே தூக்கம், சாப்பாடு, சேர்க்கைதான்.

நான் வாத்தியாராக இருந்த எண்பதுகளில் ஊர்க்கண் மார்க்கின் மேல் போய்விட்டது. பிளஸ் டூ ரிசல்ட் அன்று தவளக்குப்பத்தில் பேப்பருக்காகக் கூட்டம் காத்து நிற்கும். நம்பர் இல்லையென்றால் அந்த வருஷம் போனது போனதுதான். சில வீடுகளில் பிள்ளையே போனது. அதற்கு முந்தைய மாதங்களில் அவன் எப்படி இருந்தான் என்று அப்புறம்தான் ஒவ்வொருவராக நினைவுபடுத்திச் சொல்வார்கள்.

டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பு, தவறிய பிள்ளைகளுக்கு உடனே மறுதேர்வு வேண்டும் என்று விடாமல் குரல் கொடுத்தது. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் உடனடித் துணைத்தேர்வு வந்தது. எங்கள் புதுச்சேரிப் பள்ளிகளிலும் அப்போது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான் இருந்தது என்பதால், தவறிய பிள்ளைகள் இங்கேயும் அதே வருஷம் கல்லூரியில் சேர முடிந்தது. எவ்வளவு பெரிய காரியம் அது! 2017இல் ரேங்க் பட்டியலும் நின்றது.

ஆனாலும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2015இல் தற்கொலை விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம் புதுச்சேரிக்குத்தான்: லட்சம் பேருக்கு 43.2. நாட்டுச் சராசரி 10.6.

என் வகுப்பில் ஒரு பெண், ஆசையாகச் சேர்த்த ஸ்கெட்ச் பேனாக்களையெல்லாம் ஒருநாள் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டாள். மற்றவர்கள் தாராள மனசு என்றார்கள். விடைபெறுகிறாளோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. தனியாகக் கூப்பிட்டு, "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. தலையாட்டினாள். அவளைத் தனியே விடாமல் அன்றே அம்மாவை வரவழைத்து ஜிப்மர் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம்.

2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பிள்ளைகள் மட்டுமில்லை, பிள்ளையைப் பார்த்துப் பயந்துபோன அப்பா அம்மாவும் கூப்பிடலாம்.