இசைத்தட்டும் அதனைப் பேணியோரும்

1920களின் முற்பகுதியிலே கொழும்பு மத்திய தந்திக் கந்தோரின் சிறிய அறையொன்றில் விநோதமான முயற்சியொன்று நடைபெற்றது. முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு, தந்தித் திணைக்களப் பொறியியலாளர் சிறு ஒலிபரப்புக் கருவியொன்றை அமைத்தனர். அவர்களுக்குத் தலைவராய் நின்றவர் எட்வேர்ட் ஹாப்பர் என்னும் ஆங்கிலேயர். கருவி ஆயத்தமானதும் அவர்கள் வானிலே விட்டது கிறாமபோன் இசை. 1925 டிசெம்பர் 16ஆம் திகதி ஆளுநர் சேர் ஹியூ கிளிபோர்ட் கொழும்பு வானொலியை முறைப்படி தொடக்கி வைக்குமுன்னரே, இசைத்தட்டு இத்தீவின் வானிலே பாடிவிட்டது.

கிறாமபோன் தட்டு விற்பனைக்காகச் செய்யப்பட்ட பண்டம். சவர்க்காரத்தையும் தீப்பெட்டியையும் போல அதுவும் வாங்கப்பட்டு, தேய்ந்து, எறியப்பட்டு, வேறொன்று வாங்கப்படவேண்டும் என்பதே செய்தவரின் விருப்பம். நூறாண்டு கழிந்த பின்னும் அவற்றுட் சில எஞ்சியிருக்கின்றன என்றால், அதற்குக் காரணர் அவற்றைச் செய்த கம்பனிகளன்று. எறிய மனம் வராத சில மனிதரே. அயலார் அவர்களைப் பித்தர் என்றனர். வீட்டார் இடம் போதவில்லை என்று முணுமுணுத்தனர். அப்பித்தினால் விளைந்த பயன் இன்னதென்பது நெடுங்காலஞ் சென்ற பின்னரே புலனாயிற்று.

தோமஸ் எடிசன் 1877இல் ஒலியைத் தகரத்தாளிலே பதித்துக் காட்டினார். எனினும் அவரது உருளையைப் படியெடுத்துப் பெருக்குவது எளிதாயிருக்கவில்லை. பத்தாண்டு கழித்து எமில் பேர்லினர் தட்டையான வட்டிலே ஒலியைக் கோடாக வரையும் வழியைக் கண்டார். மூலத் தட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து, அதனைக் கொண்டு ஆயிரக்கணக்கான படிகளை அழுத்தி எடுக்கலாம். ஓலையிலே எழுதிய நூல் அச்சுக்கு வந்தபோது நிகழ்ந்த மாற்றம் எத்தகையதோ அத்தகையதே இதுவும்.

1902 நொவெம்பரிலே கிறாமபோன் கம்பனியைச் சேர்ந்த பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவுக்கு வந்து, ஹோட்டல் அறையொன்றிலே ஒலிப்பதிவு செய்தார். அக்காலத்தில் ஒலிவாங்கி கிடையாது. பாடுவோர் பெரியதொரு குழலின் வாயருகே முகத்தை வைத்து உரத்துப் பாடவேண்டும். கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகி பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்திலே உரக்கக் கூறினார். மூலத் தட்டுகள் கப்பலேறி ஜேர்மனியிலுள்ள ஹனோவருக்குச் சென்றே படியெடுக்கப்பட்டன. அங்குள்ள தொழிலாளருக்குப் பாடகி இன்னார் என்று தெரியவேண்டும் அன்றோ? தொழிற்சாலையின் வசதிக்காகக் கூறிய அச்சொற்கள் ஓலைச்சுவடியின் இறுதியிலே ஏடெழுதியோன் பொறிக்கும் பெயர்க்குறிப்பைப் போல இன்றும் நிலைத்து நிற்கின்றன. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவிலே தொழிற்சாலை அமைந்த பின்னரே இந்தியாவின் பாட்டு இந்தியாவிலேயே தட்டாயிற்று. பிற்காலத்தில் அத்தொழில் டம்டம் என்னுமிடத்துக்கு மாறியது.

அத்தட்டு எதனாற் செய்யப்பட்டது? அரக்கினால். சோட்டா நாகபுரிக் காடுகளிலே புரசு முதலிய மரங்களின் கிளைகளை ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. அதனுடன் கற்பொடியும், பஞ்சிழையும், கரியும் சேர்த்துச் சூடாக்கி அழுத்தினால் இசைத்தட்டு. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் சுழன்ற தட்டுகளுக்கும் அரக்கின் பெரும்பகுதி இந்தியக் காட்டிலிருந்தே சென்றது. கல்லைக் கலந்ததனால் தட்டு கடினமாயிற்று. ஆனால் கைதவறி வீழ்ந்தால் ஓட்டைப்போல் உடைந்துவிடும். உருக்கு ஊசியின் முனை தவாளிப்பின் வடிவுக்கேற்பத் தேயட்டும் என்றே அக்கல் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிய ஊசி பொருத்த வேண்டும் என்பது விதி. ஊசி தேயும்போது தட்டுந் தேய்ந்தது. ஆகவே ஒரு வீட்டார் எப்பாட்டை மிக விரும்பினரோ அப்பாட்டே முதலிற் கெட்டது. ஒருவரும் விரும்பாத பாட்டு புத்தம் புதிதாய்ப் பெட்டியின் அடியிலே கிடந்தது. பழைய தட்டுகளைத் தேடுவோர் யாவரும் அறிந்த உண்மை இது. மக்கள் போற்றிய குரலின் நல்ல படியொன்று கிடைப்பது அரிது. கிடைத்தால் அதனை வைத்திருந்தவர் ஆசையை அடக்கத் தெரிந்தவராய் இருந்திருக்க வேண்டும்.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். இராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடும் வித்துவானுக்கு மூன்று நிமிடம் எம்மூலைக்குப் போதும்? ஆயினும் அக்குறுகிய எல்லைக்குள் இராகத்தின் உருவத்தைக் காட்டிவிடும் ஆற்றலைப் பலர் பழகிக்கொண்டனர். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரத் தோடி தட்டிலே வெளிவந்தபோது, கோயில் வீதியிலே விடியவிடிய வாசித்த கலைஞரின் வாசிப்பு, திருவிழாவுக்குச் செல்ல இயலாதோரின் முற்றத்துக்கும் வந்தது. வீணை தனம்மாள் பொதுமேடையை அதிகம் நாடாதவர். தம் இல்லத்திலே தேர்ந்த இரசிகர் சிலருக்கு மட்டும் வாசித்தவர். முதுமையில், 1930களின் தொடக்கத்தில், அவர் பதிவு செய்த சில தட்டுகளே இன்று அவரைக் கேட்க எஞ்சியுள்ள வழி.

எல்லாவற்றிலும் உருக்கமானது எஸ். ஜி. கிட்டப்பாவின் வரலாறு. செங்கோட்டையிலே 1906இல் பிறந்த அவர் நாடக மேடையில் ஒப்பாரும் மிக்காருமின்றி விளங்கினார். 1926இல் கே. பி. சுந்தராம்பாள் கொழும்பிலே நாடகம் நடித்துக்கொண்டிருந்தபோது கிட்டப்பாவும் இங்கு வந்து அவருடன் சேர்ந்து நடித்தார். அவ்விருவரின் கூட்டு இலங்கை மண்ணிலேதான் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு மணவாழ்வும் தொடங்கியது. 1933 டிசெம்பரில் கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கி இரண்டே ஆண்டுகளாயிருந்தன. அவர் ஒரு படத்திலேனும் நடித்தவரல்லர். அவர் மேடையில் எவ்வாறு நின்றார், எவ்வாறு திரும்பினார் என்பதைக் காட்டும் படச்சுருள் இல்லை. குரல் மட்டும் உண்டு. அதுவும் அரக்குத் தட்டில் மட்டுமே.

திரைப்படத்தில் நடித்தோருக்கு மட்டும் நிலைபேறு கிட்டிற்று என்று கருதுதல் தவறு. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய காளிதாஸின் பிரதி இன்று இல்லை. அக்காலத்துப் படங்கள் பலவற்றின் கதியும் அதுவே. சிலவற்றின் பாடல்கள் தட்டிலே வெளிவந்தமையால் தப்பின.

கம்பனிகளிடம் மூல அச்சு இருக்குமே, பழந்தட்டைத் தேடுவானேன் என்று வினவலாம். இரண்டாம் உலகப் போரின்போது அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவிலே 1942இல் இசைத்தட்டுக்கான அரக்கு வெகுவாகக் குறைக்கப்பட்டது. புதிய தட்டு வேண்டுவோர் பழைய தட்டுகளைக் கொடுக்குமாறு கேட்கப்பட்டனர். அவை அரைக்கப்பட்டுப் புதியனவாயின. ஒரு குரலை அரைத்தே மற்றொரு குரலைச் செய்தார்கள்! பழைய உலோக அச்சுகள் சில உலோகத்தின் விலைக்காகவே உருக்கப்பட்டன. பிற்காலமும் பாதுகாப்பானதன்று. 2008 ஜூனில் ஹொலிவூட்டின் யுனிவேர்சல் படப்பிடிப்பு நிலையத்திலே பற்றிய தீ, பெருந்தொகையான மூல ஒலிநாடாக்களை அழித்தது. பெரிய நிறுவனத்தின் பெரிய களஞ்சியம் ஓரிரவில் அழிந்தது. நூறு வீடுகளிலே சிதறிக்கிடக்கும் நூறு தட்டுகளுக்கு அத்தகைய பேரிழப்பு ஒருசேர நிகழ்வதில்லை.

இலங்கை வானொலியின் கதையும் இங்கே கூறத்தக்கது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை விரும்பாதவர். அகில இந்திய வானொலியிலே அவற்றுக்கு இடமின்றிப் போயிற்று. இந்திய நேயர்கள் தங்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினர். 1950இல் தொடங்கியிருந்த வர்த்தக ஒலிபரப்பின் இந்திச் சேவை வட இந்தியா எங்கும் கேட்டது. தமிழ்ச் சேவையும் எஸ். பி. மயில்வாகனத்தின் குரலும் பாக்கு நீரிணைக்கு அப்பால் வீட்டுச் சொத்தாயின. 1957இல் இந்தியாவிலே விவித் பாரதி தோன்றும்வரை இந்நிலை நீடித்தது. அதன்பின்னும் பலர் கொழும்பை விட்டுத் திரும்பவில்லை. அவ்வாண்டுகளில் ஒலிபரப்புக்கென வந்து சேர்ந்த தட்டுகள் நூலகத்திலே அடுக்கப்பட்டு, இலக்கமிடப்பட்டு, எறியப்படாது நின்றன. இந்தியாவிலே கிடைக்காத பழைய பாட்டும் கொழும்பில் இருக்கும் என்னும் பெயர் அதனால் எழுந்தது. 1947இலே மறைந்த கே. எல். சைகாலின் பாட்டொன்றுடன் காலைப் பழம்பாடல் நிகழ்ச்சியை முடிக்கும் வழக்கம் இந்திச் சேவையிலே பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. பாடகர் இல்லை, தட்டு இருந்தது.

1948 ஜூனிலே அமெரிக்கக் கொலம்பியா கம்பனி வினைலினாலான நெடுந்தட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு 33⅓ சுழற்சி, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல், எளிதில் உடையாது, இரைச்சலுங் குறைவு. அடுத்த ஆண்டு 45 சுழற்சிச் சிறுதட்டு வந்தது. மேனாட்டிலே அரக்குத் தட்டின் காலம் 1960 அளவில் முடிந்தது. டம்டம்மிலோ அது இன்னுஞ் சில ஆண்டுகள் நீடித்தமையால், இங்கிலாந்தின் பீற்றில்ஸ் குழுவினரின் பாடல்களும் அங்கே 78 சுழற்சித் தட்டாக வெளிவந்தன! இங்கிலாந்திலே அக்குழுவின் புகழ் எழுந்த காலத்தில் அத்தகைய தட்டு வழக்கொழிந்திருந்தது. ஆதலால் கல்கத்தாவின் பழைய முறை இன்று மேனாட்டுச் சேகரிப்பாளர் பெருவிலை கொடுத்துத் தேடும் பொருளாயிற்று. இலங்கையிலும் 1970களிலே ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசைப் பாடல்கள் வினைல் தட்டிலே வெளிவந்து விருந்துக் கூடங்களை அதிரச் செய்தன. பின்னர் ஒலிநாடாப் பேழை வந்தது. 1982இல் குறுந்தட்டு வந்தது. ஒவ்வொன்று வந்தபோதும் முந்தியது மூலைக்குச் சென்றது, அல்லது குப்பைக்குச் சென்றது.

சேகரிப்போர் உழைத்தது அப்போதுதான். சென்னையிலே 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட், பழம்புத்தகங்களுக்கு மட்டுமன்றிப் பழந்தட்டுகளுக்கும் பெயர்போனது. அங்கே குவியலைக் கிளறியவர்களுள் வசதி படைத்தோரும் இருந்தனர். அன்றைய சம்பளத்தை அன்றே தொலைத்தோரும் இருந்தனர். வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரம் 78 சுழற்சித் தட்டுகளைத் தேடித் தொகுத்து, பாடியவர், இசையமைத்தவர், வெளிவந்த ஆண்டு என விவரமும் எழுதிவந்தார். 1990இல் பம்பாயிலே இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றியது. அவுஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் முதற்கால இந்திய ஒலிப்பதிவுகளின் பட்டியலை 1994இல் நூலாக வெளியிட்டார். செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் அடித்தளமாகக் கொண்டு சென்னையிலே எழுந்த நூலகத்திலும் இன்று இசைத்தட்டுகள் இடம்பெற்றுள்ளன.

இவர்களது வேலை பொருளைக் குவிப்பதோடு முடிவதில்லை. 78 என்று பொதுவாகச் சொன்னாலும், முற்காலத் தட்டுகள் பல அவ்வேகத்திற் பதியப்பட்டவை அல்ல. சற்று விரைவாகச் சுழற்றினால் சுருதி ஏறும். ஆண்குரல் சிறுவன் குரலாய்த் தோன்றும். கேட்டுக் கேட்டுப் பழகிய செவியுடையோன் வேகத்தைக் குறைத்துப் பாடகரின் இயல்பான சுருதியை மீட்கிறான். தட்டின் நடுவே ஒட்டிய தாளைவிட, அதனைச் சூழ்ந்த வெறுமையிலே கீறப்பட்ட சிறிய இலக்கத்தை அவன் நம்புகிறான். அவ்விலக்கமே பதிவின் வரிசையையும் காலத்தையும் காட்டிக்கொடுப்பது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஒடிந்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந் துணிந்த உழைப்புக்கு இதுவும் உறவினதே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பிள்ளையவர்கள் கண்டதை அச்சேற்றி உலகுக்குக் கொடுத்தார். சேகரிப்போருட் சிலரோ தம் தட்டைப் பிறர் கேட்கவும் ஒப்பாது பூட்டி வைத்தனர். அக்குற்றத்தை மறைத்தற்கில்லை. எனினும் பூட்டிய அலுமாரியை என்றேனும் ஒருநாள் திறக்கலாம். அரைத்த தட்டை மீட்க வழியில்லை.

அண்மையில் வினைல் தட்டு மறுபடியும் கடைகளிலே தோன்றியுள்ளது. 2022இல் அமெரிக்காவிலே 4 கோடியே 10 இலட்சம் வினைல் தட்டுகள் விற்றன. குறுந்தட்டுகள் 3 கோடியே 30 இலட்சமே. 1987க்குப் பின் வினைல் முந்தியது அதுவே முதன்முறை. அங்கே வினைல் வாங்குவோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே அதனை இயக்கும் கருவி உண்டு என்று 2023இல் வெளிவந்த ஆய்வொன்று கூறிற்று. கேளாத தட்டை வாங்குவதும் சேகரிப்பாகுமா என்று பழைய இரசிகர் நகைக்கக் கூடும். கைப்பேசியிலே காற்றாய் வந்து காற்றாய்ப் போகும் பாட்டுக்கு ஓர் உடல் வேண்டும் என்னும் ஏக்கம் அதில் உண்டு என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கலாம்.

இலங்கைத் தமிழர் வீடுகளிலே இருந்த தட்டுகளுக்கு நேர்ந்தது வேறு. ஓர் அரக்குத் தட்டு ஏறத்தாழக் கால் கிலோ நிறை. நாற்பது தட்டுள்ள பெட்டியை ஒருவர் தூக்கி நெடுந்தூரம் நடக்க முடியாது. 1995 ஒக்டோபரிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடு துறந்து மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, குழந்தையையும் முதியோரையும் அரிசியையும் தூக்கிய கைகளுக்கு இசைத்தட்டைத் தூக்க இடமிருக்கவில்லை. அவற்றுள் எவை மீண்டும் கிடைத்தன, எவை கூரையோடு நொறுங்கின என்பதற்குப் பட்டியல் இல்லை.

எஞ்சியவை இன்னும் சில பரண்களிலும் கட்டிலடிகளிலும் கிடக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால் பாரத்தினால் கீழ்த்தட்டு வெடிக்கும். வெயில் பட்டால் வளையும். புத்தகம்போல் நிமிர்த்தித் தாளுறையில் வைப்பதே முறை. அரக்குத் தட்டை மதுசாரத்தினால் துடைத்தால் அரக்குக் கரைந்து பாட்டும் போய்விடும். வினைலுக்குரிய நுண்ணிய ஊசி அரக்குத் தட்டின் அகன்ற தவாளிப்புக்குப் பொருந்தாது. அதற்கென அகன்ற ஊசி இன்றுங் கிடைக்கிறது. அவ்வூசியை வைத்து, வேகத்தைத் திருத்தி, கீறலின் ஓசையைச் சற்றே பொறுத்துக்கொண்டால், இருபத்தேழு வயதிலே மறைந்த கிட்டப்பா மூன்று நிமிடம் பாடுவார்.