நீர்க்கடுப்புக்கு ஒரு தாத்தா மாத்திரை

1/ "டாக்டர், இந்த வருஷம் மட்டும் நாலு தடவை நீர்க்கடுப்பு. ஒவ்வொரு தடவையும் மெடிக்கல்ல கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டேன். இப்ப அதுக்கும் கேட்க மாட்டேங்குது."
இப்படிச் சொல்லிட்டு வர்ற பெண்கள் நிறைய. இதுக்குப் பின்னாடி 160 வருஷக் கதை ஒண்ணு இருக்கு. நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ 1885. ஜெர்மனியின் மியூனிக். தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர், பச்சைக் குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு விவரித்தார். இன்னைக்கு அதை ஈ.கோலைன்னு அவர் பெயரிலேயே கூப்பிடறோம். பெரும்பாலான சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இதுதான் காரணம்.

நம்ம குடல்ல சாதுவா இருக்கிற கிருமி. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ. தான், ஆசனவாய்க்கும் பக்கம். அதனால சுலபமா மேல ஏறிடுது. இது உடலமைப்பு. "சுத்தம் இல்லாதவங்களுக்கு வர்ற நோய்"னு யாரும் கூனிக்குறுக வேண்டாம்.

3/ அந்தக் காலத்துல மருந்து? 1859-ல் ரஷ்ய வேதியியலாளர் பட்லெரோவ் கண்டறிந்த மெத்தனமின் என்ற பொருளை, 1890-களில் ஆர்தர் நிக்கோலையர் என்ற ஜெர்மன் மருத்துவர் சிறுநீர்க் கிருமிநாசினியாகக் கொண்டுவந்தார்.

ரத்தத்துல இது பெருசா ஒண்ணும் செய்யாது. சிறுநீர் அமிலத்தன்மையோட இருந்தா, அங்கே உடைஞ்சு ஃபார்மால்டிஹைடா மாறும். ஆமா, அனாட்டமி ஹால்ல எங்க கண்ணை எரிச்ச ஃபார்மலின்ல இருக்கிற அதே பொருள்! கிருமியின் புரதங்களையே சிதைச்சிடும்.

4/ நிக்கோலையர் யூதர். நாஜிகள் வதைமுகாமுக்கு அனுப்ப இருந்த நேரத்தில், 1942-ல், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அதுக்குள்ள அவர் மருந்தும் ஓரங்கட்டப்பட ஆரம்பிச்சிருந்தது. 1930-களில் சல்ஃபா, 1940-களில் பெனிசிலின், 1953-ல் நைட்ரோஃபுரன்டாயின். வேகமா குணமாக்கும் மருந்து வந்தா பழசை யார் தேடுவாங்க?

5/ 1962-ல் ஒரு ஆச்சரியம். மலேரியா மருந்தான குளோரோகுயின் தயாரிப்பில் கிடைத்த உபபொருளிலிருந்து நாலிடிக்சிக் அமிலம் பிறந்தது. அதன் வாரிசுகள்தான் நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின். இந்தப் பேரெல்லாம் நமக்கு எப்படி மனப்பாடம் ஆச்சு? சீட்டு இல்லாமலே வாங்கினோம். ரெண்டு நாள்ல எரிச்சல் போனதும் நிறுத்தினோம். வயித்துப்போக்குக்கும் அதையே போட்டோம்.

6/ கிருமி பாடம் கத்துக்கிச்சு. 2008-ல் ஸ்வீடனில் ஒரு நோயாளியின் சிறுநீரில் வளர்ந்த க்ளெப்சியெல்லா கிருமி, கடைசி ஆயுதமா வெச்சிருந்த கார்பபெனம் மருந்துகளையே உடைச்சுது. அவர் டெல்லி மருத்துவமனையில் இருந்துட்டுப் போனவர். அதுக்குக் காரணமான நொதியின் பெயர் என்.டி.எம்-1. முதல் ரெண்டு எழுத்தும் 'நியூ டெல்லி'.

7/ இப்ப தாத்தா திரும்பி வர்றார். 2022-ல் பிரிட்டனில், அடிக்கடி தொற்று வரும் 240 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. தடுப்புக்காகத் தினமும் ஆன்டிபயாடிக் எடுத்தவங்களுக்கு வருஷத்துக்குச் சராசரியா 0.89 தடவை தொற்று. மெத்தனமின் எடுத்தவங்களுக்கு 1.38. ஆன்டிபயாடிக் கொஞ்சம் முன்னாடிதான், ஆனா ஆய்வாளர்கள் முன்கூட்டியே ஏத்துக்கிட்ட வித்தியாசத்துக்குள்ளதான் இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் கிருமிகள் இதுக்கு எதிரா பெருசா பழகிக்கலை. ஃபார்மால்டிஹைடை ஏமாத்துறது சுலபமில்லை.

ஒண்ணு முக்கியம்: இது திரும்பத் திரும்ப வராம தடுக்கத்தான். வந்த தொற்றைக் குணப்படுத்த இல்லை. கல்லீரல், சிறுநீரகப் பிரச்சனை உள்ளவங்களுக்கு ஒத்துக்காம போகலாம். டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

8/ அதைவிடப் பழைய மருந்து தண்ணி. அடிக்கடி தொற்று வரும், தண்ணி கம்மியா குடிக்கும் 140 பெண்களிடம் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலா குடிச்சவங்களுக்கு வருஷத்துக்கு 1.7 தடவை, மத்தவங்களுக்கு 3.2. வேலை இடத்துல டாய்லெட் இல்லைன்னு தண்ணியே குடிக்காம இருக்கிற பெண்களுக்கு இதை எப்படிச் சொல்றது? முதல்ல டாய்லெட் கட்டிக் கொடுங்கன்னு முதலாளிகிட்டதான் சொல்லணும்.

9/ கடைசியா:
• மாத்திரை ஆரம்பிக்கும் முன் சிறுநீர்ப் பரிசோதனை. அடிக்கடி வந்தா கல்ச்சர் கட்டாயம்.
• காய்ச்சல், குளிர், விலாவில் வலி, வாந்தி இருந்தா அன்னைக்கே போங்க. கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், ஆண்கள் தள்ளிப்போடவே கூடாது.
• மாதவிடாய் நின்ற பிறகு அடிக்கடி வருதா? அதுக்குத் தனி சிகிச்சை உண்டு, கூச்சப்படாம கேளுங்க.
• பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கு வேண்டாம்.

புது மருந்து எப்ப வரும்னு தெரியாது. இருக்கிறதைக் காப்பாத்திக்குவோம்.