மூப்புற்ற பூனையின் இதயம்: ஒரு சிறு வரலாறு

அவையடக்கம் சொல்ல வந்த கம்பர், பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைகொண்ட பூனைக்குத் தம்மை ஒப்பிட்டார். பூனை என்றதும் பாலை நினைப்பது நமக்கு அவ்வளவு பழகிப்போன ஒன்று. ஆயின் பூனையின் இதயத்துக்கு இன்றியமையாத ஒரு பொருள் பாலில் மிகக் குறைவு. ஊனிலும் மீனிலுமே அது நிறைந்திருக்கிறது. மருத்துவ உலகம் இதனைத் தெளிவாக அறிந்துகொண்டது 1987ஆம் ஆண்டில்தான். வயதான பூனைக்கு இதயநோய் என்று மருத்துவர் சொல்லும்போது, சிகிச்சை செய்வதா, தொல்லைப்படுத்தாமல் விடுவதா என்று திகைத்து நிற்பவர்களுக்கு அந்த வரலாறு ஓரளவு வழிகாட்டும் என்றே நாம் கருதுகிறோம்.

அப்பொருளின் பெயர் டாரின். 1827இல் ஜெர்மானிய அறிவியலாளர்களான டீடமனும் க்மேலினும் எருதின் பித்தநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். எருதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் அமைந்தது. பாலூட்டிகள் பலவும் தமக்கு வேண்டிய டாரினைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. பூனையால் போதிய அளவு ஆக்க இயலாது. அதே வேளையில், பித்த அமிலங்களோடு சேர்ப்பதற்கு டாரினையே அது நம்பியிருப்பதால், நாள்தோறும் அதனை இழந்துகொண்டும் இருக்கிறது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்பது 1975இல் வெளிவந்த ஆய்வொன்றால் தெரியவந்தது. இதயத்தின் மீது பார்வை திரும்ப மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

அக்காலத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வளர்ப்புப் பூனைகள், இதயத்தசை தளர்ந்து அறைகள் விரியும் நோயால் மடிந்துகொண்டிருந்தன. காரணம் விளங்கவில்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் அத்தகைய 21 பூனைகளை ஆராய்ந்தபோது, அனைத்தின் குருதியிலும் டாரின் குறைந்திருக்கக் கண்டனர். அவை உண்டுவந்தது கடைகளில் விற்ற தீவனத்தையே. டாரினை வாய்வழியே கொடுத்தபோது இதயத்தின் சுருங்கும் ஆற்றல் மீண்டது. 1987இல் 'சயின்ஸ்' இதழில் இம்முடிவு வெளியாயிற்று. தீவன நிறுவனங்கள் டாரினின் அளவைக் கூட்டின; அந்நோய் அரிதாயிற்று.

காரணத்தைக் கண்டறிந்தால் எந்த இதயநோயையும் நீக்கிவிடலாம் என்ற நம்பிக்கையை இவ்வெற்றி வளர்த்திருக்கக்கூடும். எஞ்சி நின்ற நோய் அதற்கு இடம் தரவில்லை. இதயச் சுவர் தடித்துப்போகும் நோயே இன்று பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. மெயின் கூன் இனத்தில் அதற்குக் காரணமான மரபணுத் திரிபு ஒன்று 2005இல் கண்டறியப்பட்டது. ஆயினும் அதனால் நோயை நீக்கும் வழி பிறந்துவிடவில்லை. அறிகுறி தோன்றாத நிலையில் பலரும் கொடுத்துவந்த அடினலால் மாத்திரை ஆயுளை நீட்டவில்லை என்று 2013இல் வெளிவந்த ஐந்தாண்டு ஆய்வு காட்டியது. 2025இல் சிரோலிமஸ் மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. அதுவும் நிபந்தனையோடு கூடிய அனுமதியே. முழுச் சான்று இனிமேல்தான் வரவேண்டும்.

மருந்து தெளிவாகப் பயன்தரும் இடங்களும் உண்டு. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும் பூனைக்கு ஃப்யூரோசமைட் உயிர்காப்பது. அங்கே தயங்குவதற்கு இடமில்லை. குருதிக்கட்டி பின்னங்கால்களுக்குச் செல்லும் குழாயை அடைத்து, அதிலிருந்து பிழைத்த பூனைகளைப் பற்றி 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆஸ்பிரின் பெற்றவற்றுக்கு மீண்டும் கட்டி தோன்றும் இடைக்காலம் 192 நாள். குளோபிடோக்ரெல் பெற்றவற்றுக்கு 443 நாள். முதுமையில் அந்த வேறுபாடு சிறியதன்று.

வயதான பூனையிடத்தில் இன்னொரு கேள்வியும் எழுகிறது: நோய் இதயத்தினுடையதுதானா? தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோயைப் பூனைகளில் மருத்துவர்கள் இனங்கண்டது 1979 அளவில். அந்நோயும் உயர் குருதி அழுத்தமும் இதயச் சுவரைத் தடிக்கச் செய்யும். அவற்றுக்கு மருத்துவம் செய்தால் இதயச்சுமை குறையவும் கூடும். ஆகவே இதய மாத்திரையைத் தொடங்குமுன் குருதிச் சோதனையும் அழுத்த அளவும் எக்கோ படமும் பார்த்துவிடுவது நலம்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் எளியது. மீளக்கூடிய காரணம் உண்டா என்று முதலில் தேட வேண்டும். பாலும் சோறும் மட்டுமே உண்டு வளர்ந்த பூனையாயின் அதன் உணவையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறலோ குருதிக்கட்டியோ இருந்தால் மருந்தை மறுக்கலாகாது. இரண்டும் இல்லாத முதிய பூனையை நாள்தோறும் பிடித்து வாயைத் திறந்து மாத்திரை திணிக்குமுன், அதனால் ஆயுள் நீளும் என்பதற்குச் சான்று உண்டா என்று மருத்துவரிடம் கேட்பது பிழையாகாது. கேட்டுவிட்டு, வீட்டில் அது உறங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை விலா ஏறி இறங்குகிறது என்று எண்ணிவரலாம். முப்பதைத் தாண்டிய நிலை தொடர்ந்தால் மருத்துவரிடம் விரைய வேண்டும். அதுவரையில் உறங்கும் பூனையை உறங்கவிடுவதும் ஒரு சிகிச்சையே.