தாயும் சேயும் குருதியுறைவும்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்பது மன்னர்தம் வெற்றி தோல்விகளை மட்டும் கூறுவதன்று. நோயோடு மனிதன் நடத்திய போராட்டமும் வரலாற்றின் பாற்பட்டதே. அப்போராட்டத்தில், தாயைக் காக்கும் மருந்தே அவள் வயிற்றிற் கருவுக்குத் தீங்காகலாம் என்ற உண்மை எவ்வாறு உணரப்பட்டது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

கருவுற்ற பெண்ணின் குருதி வழமையிலும் எளிதில் உறையும் இயல்பைப் பெறுகின்றது. பேற்றுக்காலக் குருதிப்பெருக்கினின்று அவளைக் காக்க இயற்கை செய்த ஏற்பாடு இது எனலாம். ஆயின் அவ்வேற்பாடே காலின் ஆழ்நாளங்களிற் குருதிக்கட்டி தோன்றவும், அது பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரைப் பறிக்கவும் ஏதுவாகின்றது. பேற்றின் பின்னரே இவ்வாபத்து மிகுதியெனினும், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலேயே அது தொடங்கிவிடுகின்றது.

பேற்றின்பின் காலொன்று வெளிறி வீங்குவதை ஐரோப்பியர் நெடுங்காலம் அறிந்திருந்தனர். தாய்ப்பால் வழிதவறிக் காலில் இறங்குவதே காரணமெனக் கருதி அதனைப் 'பாற்கால்' என்றனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மனிய அறிஞர் ருடோல்ப் வேர்ச்சோ, நாளத்தில் உருவாகும் கட்டி இடம்பெயர்ந்து நுரையீரற் குழாய்களை அடைக்கும் என நிறுவினார். நோயின் போக்குத் தெளிவாயிற்று. மருந்தோ அப்போது இல்லை. பேறு முடிந்தவளைப் பல நாள் படுக்கையிற் கிடத்தும் அக்கால வழக்கம் ஆபத்தைக் கூட்டியதேயன்றிக் குறைக்கவில்லை.

மருந்துகள் இரண்டும் எதிர்பாராத வழிகளிலேயே கிடைத்தன. 1916இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர், குருதியை உறையச்செய்யும் பொருளைத் தேடுகையில், ஈரலிலிருந்து எடுத்த சாறு உறைதலைத் தடுப்பதைக் கண்டார். அவருடைய ஆசிரியர் வில்லியம் ஹொவெல் 1918இல் 'ஹெப்பாரின்' என்ற பெயரை வழங்கினார். ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது அது. 1930களில் ரொறன்ரோவிலும் ஸ்ரொக்ஹோமிலும் அது தூய்மையாக்கப்பட்டு நோயாளருக்கு வழங்கப்பட்டது.

மற்றையதன் கதை மாட்டுத்தொழுவத்தில் தொடங்குகின்றது. 1920களில் வட அமெரிக்காவிற் பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் குருதி பெருகி மடிந்தன. 1933 பெப்ரவரியில், கடும் பனிப்புயலினூடே, விஸ்கொன்சின் விவசாயி ஒருவர் இறந்த கிடாரியையும் உறையாத குருதி நிறைந்த பாற்கலத்தையும் மடிசன் நகருக்குக் கொண்டுவந்து கார்ல் போல் லிங்க் என்னும் இரசாயனப் பேராசிரியரிடம் ஒப்படைத்தார். அவ்வேழையின் இழப்பு ஆய்வாக மாறிற்று. 1940 அளவில் டைக்கூமரோலும், பின்னர் வோபரினும் தோன்றின. 1948இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்த வோபரின் 1954இல் மனித மருந்தாக அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டு சனாதிபதி ஐசன்ஹோவருக்கும் வழங்கப்பட்டது.

சூல்வித்தகம் எந்த நஞ்சையும் உட்புகவிடாத அரண் என்ற நம்பிக்கை அக்காலத்தில் நிலவியது. 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்து 1961இல் மீளப்பெறப்பட்ட தலிடொமைட் அந்நம்பிக்கையைத் தகர்த்தது. வோபரினும் சிறு மூலக்கூறாதலின் சூல்வித்தகத்தைக் கடக்கின்றது. அது விற்றமின் கே யின் செயலைத் தடுப்பதால், குறிப்பாக 6ஆம் வாரத்துக்கும் 12ஆம் வாரத்துக்கும் இடையில், கருவின் மூக்கெலும்பும் எலும்பு முனைகளும் செம்மையாக வளர்வதில்லை. ஹெப்பாரினோ பெருமூலக்கூறு, கருவை அடைவதில்லை.

ஈண்டு வரலாற்று மாணவர் கருத்திற் கொள்ளத்தக்க நிகழ்வொன்றுண்டு. 1980இல் ஹோல், போலி, வில்சன் ஆகியோர் அதுவரை வெளியான அறிக்கைகளைத் தொகுத்து, வோபரின் வகை மருந்துகளைப் போலவே ஹெப்பாரின் பெற்றோரிலும் மூன்றிலிரு பங்கினரே நலமான குழந்தையைப் பெற்றனர் என்றனர். இரண்டும் ஒருநிகரான ஆபத்துடையன என்ற எண்ணம் பரவிற்று. 1989இல் ஜின்ஸ்பேர்க்கும் குழுவினரும் அவ்வறிக்கைகளை மீள ஆராய்ந்தனர். ஹெப்பாரின் பெற்ற தாய்மார் பலர் முன்னரே வேறு கொடிய நோயுற்றிருந்தமை புலனாயிற்று. அவர்களை விலக்கியதும் ஹெப்பாரின் மீதான பழி நீங்கிற்று. சான்று பொய்யுரைக்கவில்லை, சான்றை வாசித்த முறையே பிழைத்தது.

இன்று சிறுமூலக்கூற்று ஹெப்பாரின் ஊசியே கர்ப்பிணிகளுக்குப் பெரிதும் வழங்கப்படுகின்றது. பிரித்தானியாவில் 2004இல் தடுப்பு வழிகாட்டல் வெளியானது. 2003-2005 காலப்பகுதியிற் குருதிக்கட்டியால் 41 தாய்மார் இறந்தனர்; 2006-2008இல் அத்தொகை 18 ஆகக் குறைந்தது. எனினும் செயற்கை இதயவாயில் பொருத்தப்பட்ட பெண்ணின் இக்கட்டு தீரவில்லை. அவ்வாயிலைக் காப்பதில் வோபரினே வலியது. கருவுக்கோ ஹெப்பாரினே உகந்தது. அஞ்சி மருந்தைத் தானே நிறுத்துபவள் தன்னுயிரையே பணயம் வைக்கின்றாள். ஆதலாற் கருவுறுமுன்னரே மருத்துவருடன் கலந்து முடிவெடுத்தல் இன்றியமையாதது.

ஒரு மாணவரின் எதிர்பாராத முடிவும் ஒரு விவசாயியின் பாற்கலமும் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. ஆயின் மருந்தைக் கண்டமை பாதி வெற்றியே. அது யாருக்கு, எவ்வாரத்தில், எவ்வளவில் நன்மை செய்யும் என அறிந்தமையே மறுபாதியாகும். தாயையும் சேயையும் ஒருங்கே எண்ணக் கற்றுக்கொள்ள மருத்துவ உலகுக்குப் பல்லாண்டுகள் தேவைப்பட்டன. அப்பாடத்துக்கு விலை கொடுத்தோர் வரலாற்றேடுகளிற் பெயர் பெறாத தாய்மாரும் குழந்தைகளுமே என்பதை நாம் மறத்தலாகாது.