எரியாத விளக்கு என்ன சொல்கிறது?

எங்கள் அடுக்ககத்தின் வாசலில் இரண்டு கதவாக விரியும் ஆட்டோமேட்டிக் கேட் ஒன்று இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, திறந்த கேட் திறந்தபடியே நின்றுவிட்டது. ரிமோட்டை அமுக்கினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக் வந்தார், பெட்டியைத் திறந்தார், இருபது நிமிடத்தில் மூடினார். "சரி பண்ணியாச்சு சார்." கேட்டும் ஒழுங்காக மூட ஆரம்பித்தது. எல்லோருக்கும் நிம்மதி.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. பழைய இயந்திரங்களின் கதைகளைப் படிக்கிறவனுக்கு இது ஒரு வியாதி. ஒரு ராத்திரி வாட்ச்மேன் அண்ணனோடு அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, அதில் வரிசையாகச் சின்னச் சின்ன எல்.இ.டி. விளக்குகள். ஒவ்வொன்றும் ஒரு ஒயருக்கு. பவர் வருகிறதா, ரிமோட் பட்டன் அழுந்தியிருக்கிறதா, ஸ்டாப் சுவிட்ச் சரியாக இருக்கிறதா, தூண்களில் இருக்கும் சென்சார் கண்கள் ஒன்றையொன்று பார்க்கின்றனவா என்று தனித்தனியே சொல்லும்.

பெரும்பாலான போர்டுகளில் இதற்கு ஒரு மரபு உண்டு. திறக்கும் பட்டனுக்கான விளக்கு சாதாரணமாக அணைந்திருக்கும், அமுக்கினால் எரியும். ஆனால் ஸ்டாப்புக்கும் சென்சாருக்கும் நேர் தலைகீழ். எல்லாம் நலமாக இருந்தால் அவை எரிய வேண்டும். யாராவது குறுக்கே வந்தால் அணைய வேண்டும். ஒயர் அறுந்தாலும் அணையும். கேட் ஏன் மூடவில்லை என்று பார்க்கிறவர் முதலில் தேட வேண்டியது, எரிய வேண்டிய எந்த விளக்கு எரியவில்லை என்பதைத்தான்.

எங்கள் போர்டில் சென்சார் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் போய்த் தூணில் இருந்த கண்ணைக் கையால் மறைத்தேன். "அணைஞ்சுதா அண்ணே?" என்றேன். "இல்ல சார், அப்படியேதான் எரியுது" என்றார். திரும்பி வந்து பார்த்தால், சென்சார் முனைகள் இரண்டுக்கும் நடுவே விரல்நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயர். மெக்கானிக் பாஷையில் 'டைரக்ட்' பண்ணியிருந்தார். கேட் இப்போது குருடு. ஆனால் விளக்கோ, கண் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. சாயங்காலமானால் ஏழெட்டுக் குழந்தைகள் சைக்கிளோடு சுற்றுகிற வாசல் அது.

நலம் என்றால் எரிய வேண்டும், கோளாறு என்றால் அணைய வேண்டும் என்ற இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? கேட் செய்கிறவர்கள் கண்டுபிடித்ததல்ல. ரயில்காரர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1870 வாக்கில், தண்டவாளத்தில் ரயில் நிற்கிறதா என்பதை மின்சாரத்தால் அறியும் சிக்னல் ஒன்றை அமைத்தார். முதலில் செய்தது நமக்கெல்லாம் சட்டென்று தோன்றும் வழிதான்: ரயில் வந்தால் சுற்று இணையும், மின்சாரம் பாயும், சிக்னல் 'ஆபத்து' காட்டும். ரயில் இல்லையென்றால் மின்சாரம் இல்லை, வழி திறந்திருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேட்டரி தீர்ந்துபோனால்? ஒயர் அறுந்தால்? ரயில் நின்றுகொண்டிருக்கும், சிக்னலோ வழி திறந்திருப்பதாகக் காட்டும். கோளாறும் 'எல்லாம் நலம்' என்பதும் வெளியே ஒரே மாதிரி தெரியும்.

ராபின்சன் இதைத் தலைகீழாகத் திருப்பினார். 1872-இல் காப்புரிமை பெற்ற அவருடைய புதிய முறையில் மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். தண்டவாளத்தின் ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே. மின்சாரம் தண்டவாளத்தின் வழியே போய் ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பிடி இருக்கும்வரை வழி உண்டு. ரயில் ஏறினால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடும். ரிலேவுக்கு மின்சாரம் போகாது, பிடி விழும், சிக்னல் ஆபத்துக்குப் போகும். பேட்டரி செத்தாலும் அதேதான், ஒயர் அறுந்தாலும் அதேதான். தண்டவாளமே முறிந்தாலும் பெரும்பாலும் அதேதான். 'நலம்' என்று சொல்வதற்குத்தான் சக்தி வேண்டும், 'ஆபத்து' என்று சொல்ல எதுவுமே வேண்டாம். உலகம் முழுக்க ரயில் பாதுகாப்பு இந்த யோசனையின் மேல்தான் வளர்ந்தது. எங்கள் கேட் போர்டில் இருக்கும் சென்சார் விளக்கு அதன் கொள்ளுப்பேரன்.

சரி, அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. விளக்கு அணைந்திருந்தால், அணைந்தது விஷயமா விளக்கா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

1972 டிசம்பர் 29 இரவு. நியூயார்க்கிலிருந்து மியாமிக்கு ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401-ஆம் எண் விமானம், புத்தம்புதிய டிரைஸ்டார், இறங்கத் தயாரானது. உள்ளே 176 பேர். சக்கரங்களை இறக்கினார்கள். மூன்று பச்சை விளக்குகள் எரிய வேண்டும். மூக்குச் சக்கரத்தின் விளக்கு மட்டும் எரியவில்லை. எரியாவிட்டால் ஆபத்து என்று எடுத்துக்கொள்வதுதான் முறை. இறங்காமல் மேலே போனார்கள், 2,000 அடியில் தானியங்கிக் கருவியிடம் விமானத்தைக் கொடுத்தார்கள். அதுவரை எல்லாம் சரி.

அதற்குப் பிறகு விமானி அறையின் மொத்தக் கவனமும் அந்த விளக்கின் மேல் போய்விட்டது. கழற்றிப் பார்த்தார்கள், திரும்ப மாட்டியது சிக்கிக்கொண்டது. ஒருவர் கீழே இருந்த குறுகிய அறைக்குள் இறங்கிச் சக்கரத்தைக் கண்ணால் பார்க்க முயன்றார். இதற்கிடையே தானியங்கியின் உயரம் காக்கும் வேலை யாரும் அறியாமல் விலகிப்போயிருந்தது. ஸ்டீயரிங்கில் தற்செயலாகக் கைபட்டிருக்க வேண்டும் என்று விசாரணை கருதியது. விமானம் மெல்ல மெல்ல இறங்கியது. உயரம் மாறுகிறது என்று ஒரு மணி ஒலித்தது, யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 11:42 மணிக்கு எவர்கிளேட்ஸ் சதுப்பில் மோதியது. இறந்தவர்கள் 101 பேர்.

மூக்குச் சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டியிருந்தது. விளக்குக்குள் இருந்த இரண்டு பல்புகளும் எரிந்துபோயிருந்தன. அவ்வளவுதான் கோளாறு.

காரில் சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரு கணம் எரிந்து அணைகின்றன, இல்லையா? அது அலங்காரம் இல்லை. 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று விளக்கு முதலில் தன்னைப் பற்றிச் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் இன்ஜினைப் பற்றி அது சொல்வதை நம்பலாம்.

அடுத்த கதை இன்னும் மோசம். இங்கே பல்பு நன்றாகத்தான் இருந்தது.

1979 மார்ச் 28, விடியற்காலை நான்கு மணி. பென்சில்வேனியாவில் சஸ்கெஹானா ஆற்று நடுவே திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம், இரண்டாவது உலை. நீர் அனுப்பும் பம்புகள் நின்றன, உலைக்குள் அழுத்தம் ஏறியது, அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு திறந்தது. சில விநாடிகளில் அழுத்தம் குறைந்ததும் அது மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, திறந்தபடி சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்தது. அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த விளக்கு வால்வோடு இணைக்கப்பட்டிருக்கவே இல்லை. வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளுக்குப் போகும் மின்சாரத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. 'மூடு' என்ற உத்தரவு போய்விட்டது என்பதை மட்டும்தான் அது சொன்னது. மூடியதா என்று அதற்குத் தெரியாது. ராபின்சன் கைவிட்ட பழைய முறைதான் இது. இங்கே இருட்டுக்கு 'நலம்' என்று அர்த்தம் கொடுத்திருந்தார்கள்.

முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒலித்தன. இன்னொரு வால்வின் விளக்கை ஒரு பராமரிப்பு அட்டை மறைத்துத் தொங்கியது. உலையில் நீர் அதிகமாகிவிட்டது என்று நம்பி, அவசர நீரைக் குறைத்தார்கள். உண்மையில் நீர் அந்த வால்வு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. சுமார் 2 மணி 20 நிமிடம் கழித்து, அடுத்த முறை வேலைக்கு வந்த ஒருவர் சந்தேகப்பட்டுத்தான் அதற்கு முன்னால் இருந்த தடுப்பு வால்வு மூடப்பட்டது. அதற்குள் நிலைமை கைமீறியிருந்தது. உலை மையத்தில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

மூன்றாவது கதைதான் எங்கள் பெட்டிக்குள் இருந்த சிவப்பு ஒயரின் கதை. லண்டன், கிளாப்ஹாம் ஜங்ஷன், 1988. பழைய சிக்னல் ஒயர்களை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு டெக்னீஷியன் பழைய ஒயர் ஒன்றை ஒரு முனையில் மட்டும் கழற்றினார். வெட்டி எடுக்கவில்லை, முனைக்கு டேப் சுற்றவில்லை. பதின்மூன்று வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் அவர் விடுப்பு எடுத்திருந்தார். வேலையை இன்னொருவர் எண்ணிச் சரிபார்த்திருக்க வேண்டும், அதுவும் நடக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பக்கத்தில் நடந்த வேறொரு வேலையில் அந்த ஒயர் அசைந்து, பழைய இடத்தையே தொட்டது.

டிசம்பர் 12, திங்கள் காலை. ரயில் நின்றால் விழ வேண்டிய ரிலே விழவில்லை. திருட்டு மின்சாரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. சிக்னல் விசித்திரமாக மாறுவதைப் பார்த்த ஒரு ஓட்டுநர், விதிப்படி ரயிலை நிறுத்தி, சிக்னல்காரருக்குத் தகவல் சொல்ல இறங்கிப் போனார். பின்னால் ரயில் நிற்கிறது, ஆனால் சிக்னல் அடுத்த ரயிலுக்கு 'வரலாம்' என்றது. அது வந்து மோதியது. 35 பேர் இறந்தார்கள்.

ராபின்சனின் ஏற்பாடு அறுந்த ஒயரைப் பிடிக்கும். தேவையில்லாத இடத்தில் தொடும் ஒயரைப் பிடிக்காது. மறதியாக விட்ட ஒயர் ஆனாலும், வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று தெரிந்தே போட்ட ஒயர் ஆனாலும், மின்சாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேட், கதவு விஷயத்திலும் இந்தப் பாடம் இரத்தம் சிந்தித்தான் வந்தது. அமெரிக்காவில் தானியங்கி கராஜ் கதவுகளின் கீழே சிக்கிக் குழந்தைகள் இறந்த பிறகு, 1990-இல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி முதல் தயாரிக்கப்படும் கதவு மோட்டார்களுக்கு ஒளிக்கண் மாதிரியான கூடுதல் பாதுகாப்பு கட்டாயமானது. 2016-இல் கேட்களுக்கான விதி இன்னும் ஒரு படி மேலே போனது: சென்சார் நிஜமாகவே இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று போர்டே சோதித்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட போர்டில் வெறும் ஒயரை வைத்து ஏமாற்ற முடியாது. எங்கள் வாசலில் இருப்பது அந்த ரகம் இல்லை.

அன்று ராத்திரியே கேட்டின் பவரை அணைத்து, கையால் தள்ளும் முறைக்கு மாற்றினோம். மறுநாள் வேறொருவர் வந்து ஒயரைக் கழற்றினார். சென்சார் விளக்கு உடனே அணைந்தது. எனக்கு அதைப் பார்க்க ஏனோ சந்தோஷமாக இருந்தது. முதல் தடவையாக அது உண்மையைச் சொன்னது. தூணில் இருந்த கண்ணாடியைத் திறந்தால் உள்ளே எறும்புக்கூடு. துடைத்தார், முனைகளைச் சுத்தம் செய்தார், விளக்கு எரிந்தது. கையை வைத்தால் அணைந்தது. மெக்கானிக்கைத் திட்டுவதற்கு எனக்கு மனமில்லை. கேட் மூடினால் போதும் என்றுதான் நாங்களும் அவரை அவசரப்படுத்தினோம். 'மூடுது' என்றதும் நாங்களும் திரும்பிப் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு கேட் இருந்தால் ஒரு சின்ன வேலை. விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கேட் மூட ஆரம்பித்ததும், தள்ளி நின்று, ஒரு குச்சியை நீட்டிக் கண்ணை மறையுங்கள். கேட் நின்றால் அல்லது திரும்பினால்தான் நம்பலாம். அசையாமல் எப்போதும் ஒரே மாதிரி எரியும் விளக்கு எதையும் சொல்லவில்லை. மாறும்போது மட்டும்தான் அது பேசுகிறது.

எங்கள் வாட்ச்மேன் அண்ணன் இப்போது தினமும் காலையில் கோலமாவு வாளியை நகர்த்தி வைத்துவிட்டு, ஒரு துடைப்பக்கட்டையை நீட்டிச் சோதித்துப் பார்க்கிறார். நான் அந்தப் பக்கம் போனால் கையை உயர்த்திக் காட்டுவார். "நின்னுடுச்சு சார்."