செத்தாதீரும் ஐ மீனும்

விடுமுறைக்கு வந்த பேரன் வாய் திறந்தால் வாக்கியத்துக்கு இரண்டு 'ஐ மீன்', ஒரு 'யூ நோ'. சொல்ல வந்தது நாக்கிலே சிக்கிக்கொண்டால் உடனே இதில் ஒன்று. கண்டிக்கலாம் என்று வாயெடுத்தேன். அப்பா ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. நடுவிலே ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த சில காலம் நீங்கலாக, 1954 வரை அவர்களிடம்தான். நகராட்சிக்கு 'மேரி', பட்டாளத்துக்காரருக்கு 'சொல்தா' என்பதெல்லாம் நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். 'கொம்யூன்' இன்னும் திருநள்ளாறு, நெடுங்காடு பஞ்சாயத்துப் பலகைகளில் இருக்கிறது. பொருளுக்கு வந்த பெயர் தங்கிவிட்டது. தடுமாறும்போது கைகொடுத்த சொற்கள்தான் போய்விட்டன.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த அப்பாவுக்குப் பேச்சு தடைப்பட்டால் 'செத்தாதீர்' வரும். 'அதாவது' என்று பொருள். பிள்ளைகள் நாங்கள் 'செத்தாத்தான் தீரும்' என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்றது. அது 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1965 சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலமும் தொடரலாம் என்றது. தாளில் இப்படி, மேசையில் கோப்பெல்லாம் ஆங்கிலம்.

அந்தச் சமயம் நில விஷயமாக அப்பா ஓர் அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நான். வெளியூரிலிருந்து வந்திருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் கேட்டார். பிரெஞ்சில் கடிதம் எழுதினால் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிற மனிதர், 'செத்தாதீர்... செத்தாதீர்...' என்று நின்றார். அந்த அதிகாரி சிரித்தார். விஷயம் முடியாமலே திரும்பினோம். வழியெல்லாம் அப்பா பேசவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்: "தம்பி, அதாவதுக்கு இங்கிலீஷ்ல என்னடா?"

"ஐ மீன்னு சொல்லலாம்ப்பா."

நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மறுவாரம் அதே மேசை முன்னால் நிமிர்ந்து நின்று, "ஐ மீன்..." என்று நிதானமாக ஆரம்பித்து, மிச்சத்தைத் தமிழிலேயே சொன்னார். பக்கத்து மேசை குமாஸ்தா மொழிபெயர்த்தார். கையெழுத்து ஆயிற்று.

அதற்கப்புறம் வெளியே அவர் 'ஐ மீன்'தான். சாயங்காலம் அரசலாற்றங்கரையில் பழைய சொல்தா சிநேகிதரோடு உட்கார்ந்தால் மட்டும் செத்தாதீர் கேட்கும். நாங்கள் கேலி செய்வதை நிறுத்திவிட்டிருந்தோம்.